புகைக்குழாயும் எலியோவின் இருமலும்

பலூத்ஸா,
திங்கள் காலை

அன்பு மகள் நீவெஸுக்கு,

நீயும் மாப்பிள்ளை தியெரியும் குட்டி எலியோவும் நலமாக இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, அப்பாவுக்கு முழங்கால் வலி, முற்றமெல்லாம் பனி, அதை விடு. நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. வீட்டைச் சூடாக்க மரத்தூள் கட்டிகளை எரிக்கிற அந்தப் பெல்லட் அடுப்பின் குழாயில் புகை கசிகிறது, மெக்கானிக் வந்து குழாய் இணைப்பு வளையங்களை மாற்றியும் நாற்றம் போகவில்லை, குழந்தை இருமுகிறான், பால் குடிக்காமல் துவண்டு கிடக்கிறான் என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாய்! அடுப்பை அணைத்துவிட்டு டாக்டரிடம் போ என்றால், சும்மா பயப்படாதேம்மா என்று சிரிக்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன், இதைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டி வை. குழாயில் அலுமினிய டேப்பைச் சுற்றிவிட்டு நிம்மதியாக இருக்காதே, சூட்டில் அது உரிந்துவிடும். இணைப்புகளைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா, குழாயின் அடியில் சாம்பல் எடுக்கும் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று தியெரியை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல். சமையலறையில் புகையை உறிஞ்சும் விசிறியைப் போட்டால் அடுப்புப் புகை கூடுகிறதா? கூடினால் வீட்டுக்குள் காற்று போதவில்லை என்று அர்த்தம், மேலே போக வேண்டிய புகையை வீடே உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்காகத்தானே சுவரில் காற்று வர ஓட்டை போட்டிருக்கிறார்கள்.

இதுவரை எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மனிதர் முகம் வெளுத்துவிட்டது. ஞானஸ்நானத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்தபோது எலியோவின் கழுத்தில் காற்று படுகிறது என்று புலம்பிக்கொண்டே இருந்தாரே, நினைவிருக்கிறதா? "அந்த ஓட்டையில என் கம்பளி பனியனைச் சுருட்டி அடைச்சுட்டேன் எர்மீனியா, மேல கம்பி மூடியையும் பழையபடி முடுக்கிட்டேன், பிள்ளைக்குக் காத்து அடிக்குதேன்னுதான்" என்றார். அதனால்தான் மெக்கானிக் கண்ணிலும் படவில்லை. எனக்கு வந்த கோபத்தில், "பிள்ளையைக் காப்பாத்துறேன்னு அவன் மூச்சையே அடைச்சு வெச்சிருக்கீங்களே" என்று கத்திவிட்டேன். பேனாவைப் போட்டுவிட்டு உனக்குப் போன் செய்தேன்.

மூடியைக் கழற்றிப் பனியனை வெளியே எடுத்துவிட்டேன், அடுப்பை அணைத்துவிட்டு எலியோவை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று நீ சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. ஆனாலும் டாக்டர் வார்த்தை வரும்வரை மனசு ஆறாது. போனில் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன்: ஓட்டை திறந்தாயிற்று என்று அடுப்பை மூட்டிவிடாதே. குழாய் சுத்தம் செய்கிறவர் வந்து புகை ஒழுங்காக மேலே போகிறதா என்று அளந்து பார்த்துச் சரி என்று சொல்லட்டும், அதுவரை மாமியார் வீட்டில் இருங்கள். விஷக்காற்று வந்தால் கத்துகிற கருவி ஒன்றும் இன்றைக்கே வாங்கு, அந்தக் காற்றுக்கு நாற்றமே கிடையாது.

அப்பா நான் போனை வைத்ததிலிருந்து சமையலறை ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். காற்று என்றாலே கதவைச் சாத்துகிற மனிதர். மூடப் போனால் என் கையைத் தட்டிவிடுகிறார்.

மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும். டாக்டர் சொன்னதை எந்த நேரமானாலும் உடனே போனில் சொல்கிறேன் என்றாயே, அதற்குத்தான் காத்திருக்கிறோம். கீழே அப்பாவும் கையெழுத்துப் போடுவது வழக்கம், இன்றைக்குப் பேனாவைத் தொட மாட்டேன் என்கிறார். "பிள்ளை வயிறு நிறையப் பால் குடிச்சான்னு சொல்லட்டும், அப்புறம் போடுறேன்" என்கிறார். நீ போன் செய்யும்வரை கடிதத்தைத் தபாலில் போடாமல் மேசையிலேயே வைத்திருக்கிறேன்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா எர்மீனியா