முப்பத்தொரு பிள்ளைகளும் ஒரு தாலித் தட்டும்

ஹல்துமுல்லை,
14.08.2025

அன்புள்ள சதீஸ்குமார் அவர்களுக்கு,

நிரஞ்சலா எழுதுகிறேன். 'அவர்களுக்கு' என்று போட்டதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். இன்னும் மூன்று வாரத்தில் தாலி கட்டப்போகிறவரை எப்படி அழைத்து எழுதுவதென்று தெரியாமல் அரை மணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். கொழும்பில் நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா, நான், மகள் யதுஷிகா மூன்று பேரும் சுகம். காற்றுத்தான் கூரைத் தகரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கிறது.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். உங்கள் அறையில் ஏழு பேர். நான் பேசினால் ஏழு பேருக்கும் கேட்கும். எனக்கும் போனில் குரல் சீக்கிரம் ஏறிவிடும், நீங்களும் "சரி, சரி" என்று வைத்துவிடுவீர்கள். கடிதமென்றால் கடைசிவரை படித்தே ஆகவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள், "வர்ற புள்ளைங்களுக்கு என்ன ஏற்பாடு? கையைக் கடிக்காம ஏதாச்சும் பாருங்க" என்றீர்கள். பார்த்துவிட்டேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள், மேல் லயத்துப் பிள்ளைகள், உங்கள் ஊர் லுணுகலையிலிருந்து வேனில் வருகிறவர்கள் எல்லோரையும் சேர்த்து முப்பத்தொரு பேர். முன்பள்ளி டீச்சரான எனக்கு இது பெரிய கூட்டமில்லை. பண்டாரவளையில் காற்றடித்து நிறுத்தும் ரப்பர் வீடு வாடகைக்குக் கிடைக்கிறதாம். விலையைக் கேட்டதும் அப்பா, "அதுக்கு நாம ரெண்டு காம்பரா கட்டிப்புடலாம்" என்று சொல்லிவிட்டார். இந்தக் காற்றில் அந்த ரப்பர் வீடு நிற்காமல் பறந்துபோனாலும் போகும்.

அதனால் கடை வாஹித் நானாவிடம் போய் வெற்று அட்டைப்பெட்டி கேட்டேன். "எத்தன வேணும், டீச்சர்?" என்றார். பதினைந்து என்றேன். பிஸ்கட் பெட்டி, சவர்க்காரப் பெட்டி என்று இருபதைக் கட்டி ஆட்டோவிலும் ஏற்றிவிட்டார். அவற்றைக் கயிற்றில் கோர்த்து ஒரு ரயில் கோச்சி செய்திருக்கிறோம். எஞ்சினுக்கு நீலச் சாயம் பூசியாகிவிட்டது. சின்னதுகள் பெட்டிக்குள் உட்கார, பெரியதுகள் இழுக்கும்.

இனி நான் எழுத வந்த விஷயம்.

போன மாதம் உங்கள் அம்மா கோயில் மண்டபத்தைப் பார்க்க வந்தார். யதுஷிகாவுக்குச் சொக்லேட் கொண்டுவந்தார், தலையைத் தடவினார். மண்டபத்துக்குக் கீழே நூறு அடி இறங்கினால் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அதுதான். அதைப் பார்த்ததும், "எல்லாப் புள்ளைங்களையும் கீழ வச்சு ஏதாச்சும் வேடிக்கை காட்டுங்கம்மா. தாலி கட்டுனப்புறம் சாப்பாட்டுக்கு மேல கூட்டியாந்தா போதும்" என்றார். நிச்சயதார்த்தத்தன்று எங்கள் பக்கத்து வீட்டு நிமலன் ஓடிப்போய் உங்கள் வீட்டுக் குத்துவிளக்கைத் தட்டிவிட்டான் அல்லவா, அந்தப் பயம் என்று நினைத்தேன். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். பிள்ளைக் காம்பரா ஆயம்மா அங்கம்மா அக்காவும் நானும் சேர்ந்து விளையாட்டுக்களையெல்லாம் யோசித்தும் வைத்தோம். அந்த மடத்தனத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

அன்று திரும்பிப் போக வேனில் ஏறும்போது உங்கள் அம்மா அங்கம்மா அக்காவைத் தனியாக அழைத்து, "அந்தப் புள்ளை போட்டோவுலயும் விழாம பாத்துக்கங்க. எங்க சொந்தக்காரங்க ஒரு மாதிரி பேசுவாங்க" என்று சொல்லியிருக்கிறார். அக்கா பத்து நாள் மென்று விழுங்கிவிட்டு, பிறகுதான் என்னிடம் சொன்னார். அப்போதுதான் புரிந்தது. ஒரு பிள்ளையை மறைக்க முப்பது பிள்ளைகளையும் கீழே அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் அம்மா கெட்டவர் இல்லை. ஊர் வாய்க்குப் பயந்தவர். அந்தப் பயம் எனக்கும் தெரியும். யதுஷிகாவின் அப்பா காய்ச்சலில் போனபோது அவளுக்குப் பதினெட்டு மாதம். அதற்குப் பிறகு நான் பவுடர் பூசினாலும் பேச்சு, பூசாவிட்டாலும் பேச்சு.

அக்கா சொல்வதற்கு முதல் நாள்தான் யதுஷிகாவிடம், கல்யாணத்தன்று கீழே விளையாட்டு இருக்கிறது, நீ அங்கே இரு என்று சொல்லியிருந்தேன். ஆறு வயதுப் பிள்ளை, அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "நா கீழ இருந்தா, மேல கல்யாணம் முடிஞ்சது எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள். மேளம் கேட்கும் என்றேன். "சரிம்மா. மேளம் கேட்டப்புறம் வாறேன். அதுவரைக்கும் சின்னப் புள்ளைங்கள நா பாத்துக்கிறேன்" என்றாள். அவள் அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். பெரிய மனுஷி மாதிரி அவள் ஒத்துக்கொண்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதனால் ஏற்பாட்டை மாற்றிவிட்டேன். பிள்ளைகள் கீழே போகமாட்டார்கள். முப்பத்தொரு பேரும் மண்டபத்துக்குள், மணவறைக்கு முன்னால், பாயில் இருப்பார்கள். அப்பா வேண்டாமென்றார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எத்தனை பாய் வேண்டுமென்று கேட்டார். இந்த விஷயத்தில் நான் ஒற்றைக் காலில் நிற்கிறேன்.

சத்தம் போடுவார்களே என்று கவலைப்பட வேண்டாம். வேலையில்லாத பிள்ளைதான் ஓடும். வாசலில் பன்னீர் தெளிக்க நான்கு பேர், சந்தனத்துக்கு இரண்டு பேர். கல்கண்டுத் தட்டை நிமலனிடம் மட்டும் கொடுக்கமாட்டேன், ஆட்கள் வருமுன்னே தட்டு காலியாகிவிடும். முகூர்த்த நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் பழைய பேப்பரில் சுற்றிய அட்சதைச் சுருள் இருக்கும். எழுந்து ஓடினால் அரிசி சிந்திவிடும், சிந்தினால் வேறு கிடையாது என்று சொல்லியிருக்கிறேன். முன்பள்ளியில் மணலை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். நிமலன்கூடப் பத்து நிமிடம் அசையவில்லை. அதன் பிறகு கோச்சியை அவர்கள் இஷ்டத்துக்கு இழுக்கட்டும்.

யதுஷிகாவுக்கு வேறு வேலை. தாலித் தட்டை எல்லோரும் தொட்டு ஆசீர்வதிக்கச் சபையில் கொண்டுபோவது அவள்தான். தினமும் பின்னேரம் எவர்சில்வர் தட்டில் தேங்காயும் ஒரு எலுமிச்சம்பழமும் வைத்து லயத்து வாசலில் நடக்கிறாள். முதல் நாள் எலுமிச்சம்பழம் தண்ணீர் ஓடும் கானுக்குள் உருண்டு போனது. நேற்று ஏழு காம்பரா தூரம் உருளவில்லை. முன்வரிசையில் உங்கள் அம்மாவிடம்தான் முதலில் போவாள். அவர் அந்தத் தட்டைத் தொடுவார் என்றுதான் நம்புகிறேன்.

கடைசியில் தட்டு உங்களிடம் வரும். கோயில் ஐயரிடம் கேட்டுவிட்டேன். "யார் கையால வந்தா என்னம்மா, மூணு முடிச்சும் சரியா விழுந்தா சரி" என்றார்.

அம்மா சொன்னது உங்களுக்குத் தெரிந்து சொன்னதா என்று நான் கேட்கப்போவதில்லை. போனில் நீங்கள் கேட்டது வெறும் கேள்விதானா என்றும் கேட்கமாட்டேன். ஆனால் என்னால் என் பிள்ளையைக் கீழே விட்டுவிட்டு மேலே மாலை போட்டுக்கொள்ள முடியாது. முடியாதென்றால் முடியாதுதான். உங்களுக்கு இது சரிவராதென்றால் இப்போதே எழுதிவிடுங்கள். நான் கோபப்படமாட்டேன், அழுவேன், அவ்வளவுதான். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டும். உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது. இதைப் போனில் சொல்ல வெட்கமாக இருந்தது, அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மணவறைக்கு இரண்டு படி இருக்கிறது. இரண்டு கையிலும் தட்டைப் பிடித்துக்கொண்டு அவளால் ஏற முடியாது. தூக்கி ஏற்றிவிடுகிறேன் என்று அப்பா சொன்னார். வேண்டாமென்று சொல்லிவிட்டேன். உங்களை என்னவென்று கூப்பிடுவது என்று அவள் தினமும் என்னிடம் கேட்கிறாள். அதையும் நான் சொல்லவில்லை, உங்களுக்கே விட்டிருக்கிறேன்.

படிக்குக் கீழே தட்டோடு நிற்பாள். நீங்கள் இறங்கி வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
நிரஞ்சலா