கூரையில் நானும் சின்னவளும்

பிப்ரவரி 9
பர்னிச்சர் கடை மாடி. விடிந்ததும் ஏறினோம், சோலார் பேனல்கள் சூடேறுமுன் கழுவி முடித்தாக வேண்டும். காக்கை எச்சம் காய்ந்து பிடித்திருந்தது. தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தது. என் புருஷன் வீட்டை விட்டுப் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. வெளியூர் வேலை என்று ஒரு செய்தி அனுப்பியதோடு சரி. போனை எடுப்பதில்லை.

பிப்ரவரி 10
தூக்கம் இல்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. பார்த்துக்கொண்டேதான் நின்றேன்.

பிப்ரவரி 13
சின்னவள் என்னோடுதான் பேனல் கழுவுகிறாள். என் புருஷனுடைய தங்கை, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். எல்லோரும் அப்படியே கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது. சரிவான கூரையில் நான் இறங்கும்போது என் இடுப்புக் கயிற்றை மேலிருந்து பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துபவள் அவள். இன்று டீ நேரத்தில் அவளுக்கு போன் வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பேசினாள். திரும்பி வந்து, "ஹாஸ்டல் அக்கா" என்றாள். நான் கேட்கவே இல்லையே. கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில்?

அவளுக்குத் தெரியும். எல்லாம் தெரியும்.

பிப்ரவரி 15
கேட்கலாமா? கேட்டு, அவளும் சொல்லிவிட்டால்?

பிப்ரவரி 18
கேட்டுவிட்டேன். குளிர்பதனக் கிடங்கின் தகரக் கூரை. கயிற்றை மாட்டிக்கொண்டே, "உன் அண்ணன் எங்க இருக்கார்?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும் அண்ணி. கையத் தூக்குங்க, இடுப்புப் பட்டை முறுக்கியிருக்கு."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

பார்க்கவில்லை. அப்புறம் வார்த்தை தடித்துவிட்டது. வேவு பார்க்கத்தான் என்னோடு வருகிறாய் என்றேன். கூட்டுக் களவாணி என்றேன். இன்னும் என்னென்னவோ. வெயில் ஏறியதை இருவருமே கவனிக்கவில்லை. அவள் விருட்டென்று குழாயை எடுத்து, கொதிக்கிற பேனல்மேல் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சினாள். படீரென்று ஒரு சத்தம். கண்ணாடி முழுக்க விரிசல்.

அதற்கப்புறம்தான் சொன்னாள். "அண்ணனுக்கு இன்னொரு வீடு இருக்கு அண்ணி. இனி வரமாட்டான். போதுமா? இத என் வாயால கேக்கணும்னுதான நின்னீங்க?"

எப்படிக் கீழே இறங்கினேன், நினைவில்லை.

பிப்ரவரி 19
சூப்பர்வைசர் விசாரித்தார். "நான்தான் சார்" என்றாள் சின்னவள். வேலையை விட்டு நிறுத்திவிட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன், வாய் திறக்கவில்லை. சண்டைக்கு இழுத்தது நான். அண்ணன் செய்ததற்குத் தங்கை அனுபவிக்கட்டும் என்று – சே. என்ன மனசு இது.

பிப்ரவரி 23
கயிறு பிடிக்கப் புது ஆள். நல்ல மனிதர். சரியாகத்தான் பிடிக்கிறார். ஆனாலும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். "என்னம்மா, நான் ஓடியா போயிடப் போறேன்?" என்றார். சிரிப்பு வரவில்லை. பாதி வேலைதான் முடிந்தது. பகலெல்லாம் யோசித்தது புருஷனைப் பற்றியல்ல. சின்னவள் சாப்பிட்டாளா இல்லையா என்று. இதென்ன கூத்து.

பிப்ரவரி 26
சூப்பர்வைசரிடம் போனேன். மூத்தவள் நான், வெயிலில் தண்ணீர் அடிக்க விட்டது என் தப்பு என்றேன். "உங்களையும் நிறுத்திட்டா மாடிக்கு யாரு ஏறுவா? அந்தப் பொண்ண வரச் சொல்லுங்க" என்று தலையைச் சொறிந்தார். நேராக ஹாஸ்டலுக்குப் போனேன். சின்னவள் வாசலுக்கு வந்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"ஏன்டி மறைச்ச?"

"அவனே இல்லன்னு ஆயிட்டா, அப்புறம் நான் உங்களுக்கு யாரு அண்ணி?"

"திங்கக்கிழமை ஆஸ்பத்திரி மாடி. நேரத்தோட வந்துடு." அதை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 2
வந்தாள்.

மார்ச் 11
துணிமணிகளை எடுக்க இன்று வருவதாக அவரிடமிருந்து செய்தி. வீட்டிலேயே இருந்து நாலு கேள்வி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்கவேண்டும் என்று உட்கார்ந்தேன். பிறகு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மனம் ஒரு நிலையில் இல்லை. துடைத்த பேனலையே துடைத்துக்கொண்டிருந்தேன். "அண்ணி, அதுல மூஞ்சியே தெரியுது. அடுத்ததுக்குப் போங்க" என்று மேலிருந்து குரல் வந்தது.

மார்ச் 15
சின்னவள் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டுப் பைகளோடு வந்து இறங்கினாள். என்னைக் கேட்கவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. அலமாரியில் அவர் காலி செய்துவிட்டுப் போன தட்டில் துணிகளைத் திணித்துவிட்டுக் குளிக்கப் போனாள். ஒன்றுகூட ஒழுங்காக மடிக்கவில்லை. எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டு, உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தேன். ஈரத் தலையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அந்த நீலச் சட்டை உங்களுதுதான் அண்ணி. போன வருஷமே எடுத்துட்டுப் போயிட்டேன்."

மடித்து, அவள் தட்டிலேயே வைத்தேன்.