உன் அறையில் லிஃப்ட் வருகிறது

அக்கா, என் அக்கா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டுக் கட்டடத்துக்கு அனுமதி வந்துவிட்டது. ரோட்டுப் பக்கத்துச் செங்கல் வளைவுகளை அப்படியே நிறுத்தி, உள்ளே மட்டும் புதிதாகக் கட்டப்போகிறோம், நீ கேட்ட மாதிரியே. அப்பா தொடங்கிய கம்பெனியில் இப்போது கையெழுத்துப் போட நான் ஒருத்திதான். முதல் கையெழுத்துக்கான இடத்தில் பேனா இன்னும் தயங்குகிறது. அது உன் இடமல்லவா?

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். நீ கொடுத்த வாக்கை நான் மீறப் பார்த்தேன். அதுவும் உனக்காக.

எந்தப் பழைய கட்டடத்தை எடுத்தாலும், கடைக்காரர்கள் காலி செய்யும் முன் அவர்களைக் கடை வரிசைப்படி நடைபாதையில் நிறுத்திப் படம் எடுக்கச் சொல்வாய். "அதான் பத்திரத்துல எல்லாம் இருக்கேக்கா?" என்று கேட்டேன். "சதுர அடி இருக்குடி. பக்கத்துல யாருன்னு இருக்கா?" என்றாய். கட்டி முடித்து அவர்கள் திரும்பி வரும்போது அதே இடம், அதே அக்கம்பக்கம். நீ எல்லாருக்கும் கொடுத்த வாக்கு அதுதான்.

பூந்தமல்லியில் ஆறு கடைகள். நடுவில் ஆளில்லாத அறை ஒன்று. இரண்டு வருஷம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து நீ எல்லாரிடமும் பேசியது அங்கேதான். படம் எடுத்தபோது, "நீ ஏன்க்கா வரிசையில? நகரு" என்றேன். "நான் நகர்ந்தா பல்லு விழுந்த மாதிரி இருக்கும். எடுடி" என்றாய். உனக்கு அடுத்து வளையல் கடை கஸ்தூரி, அவளுக்கு அடுத்து தையல்கார சலீம் பாய்.

லிஃப்டுக்கு ஒரு கடை அகலம் வேண்டும், காலி அறையைக் கொடுத்துவிடலாம் என்றார் இன்ஜினியர். நான் முடியாது என்றேன். அந்த அறை மட்டும் இடிபடாமல், உன் நாற்காலியோடும் உன் படத்தோடும் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். லிஃப்டை சலீம் பாய் இடத்துக்கு மாற்றி, அவருக்குப் பின்பக்கம் இரண்டு மடங்கு பெரிய கடை ஒதுக்கினேன். அவரும் கையெழுத்துப் போட்டார். நியாயமாகத்தான் நடந்துகொண்டேன் என்று இருந்துவிட்டேன்.

போன வாரம், அவர்கள் தற்காலிகமாக இருக்கும் தகரக் கொட்டகைக்குப் போனேன். கஸ்தூரி பிடித்துக்கொண்டாள்.

"இன்னா மேடம், பாயைப் பின்னால தள்ளிட்டியாமே? அவருக்குக் கண்ணு மங்கிக்கினு வருது, தெரியுமா? துணிக்குத் துணி நூலு மாத்தணும். 'தங்கச்சி'ன்னு ஒரு கொரலு குடுப்பாரு, நான் போயி மெஷினு ஊசில கோத்துட்டு வருவேன். அங்க யாரு கோப்பா, நீ வந்து கோப்பியா?"

"பெரிய கடைதானே கொடுத்திருக்கேன்..."

"பெருசா இருந்தா நூலு தானா பூந்துக்குமா?"

"சும்மா இரு தங்கச்சி," என்றார் பாய். பிறகு என்னிடம், "அக்காவுக்கு அங்க ஒரு இடம் வேணும்னு நினைச்சீங்க. தப்பில்லம்மா. நானும் மெஷினை வித்துடலாம்னுதான் இருக்கேன்" என்றார். மெஷினில் ஒரு பள்ளிக்கூடச் சட்டை பாதித் தையலில் இருந்தது. காட்டுப்பாக்கம் ஃப்ளாட்டுகளிலிருந்து தைக்க வந்த துணிப் பைகள் அவர் காலடியில் குவிந்திருந்தன.

உனக்கு இது தெரியுமா அக்கா? தெரிந்துதான் வரிசை வரிசை என்றாயா? இல்லை, இப்படி ஏதாவது இருக்கும் என்று மட்டும் நினைத்தாயா? ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன். என்னென்னவோ பேசினோம். இதைக் கேட்கவில்லையே.

அங்கிருந்தே இன்ஜினியருக்குப் போன் செய்து, லிஃப்டை நடு அறைக்கு மாற்றச் சொன்னேன். வரைபடத்தைத் திருத்தி மறுபடி அனுமதி வாங்க நாளாகும் என்றார். ஆகட்டும்.

பிறகு உன் அறைக்குத் தனியாகப் போனேன். நீ சாய்ந்து உட்காரும் இடத்தில், சுவரில் உன் தலையெண்ணெய்க் கறை இன்னும் வட்டமாக இருக்கிறது. இத்தனை நாள் அதை நான் பார்த்ததே இல்லை. அந்தச் சுவரும் போய்விடும். அதில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

உன் நாற்காலியைக் கொட்டகைக்குக் கொண்டுபோய், பாயின் மெஷினுக்குப் பக்கத்தில் போட்டேன். "அக்கா நாற்காலியா? நான் குந்த மாட்டேம்பா" என்றாள் கஸ்தூரி. பாய் "தங்கச்சி" என்று கூப்பிட்டதும், அதன் நுனியில் உட்கார்ந்துதான் நூல் கோர்த்தாள்.

கட்டி முடித்த அன்று எல்லாரையும் மறுபடி வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுப்பேன் அக்கா, சத்தியமாக. கஸ்தூரிக்குப் பக்கத்தில் பாய் நிற்பார். வரிசையின் நடுவில், நீ நின்ற இடத்தில், லிஃப்ட் கதவு இருக்கும். அங்கே யாரும் நிற்க மாட்டார்கள். நகரு என்று நானும் யாரிடமும் சொல்லமாட்டேன்.

உன்னை நகரச் சொன்ன
உன் தங்கை,
வசந்தி