மெஷினா, ரத்தமா

ஜூன் 10, திங்கள்
காலையில் டம்ளர் மறுபடியும் கை நழுவி விழுந்தது. கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துக் கிடக்கின்றன. ஷூ கம்பெனியில் வருஷக்கணக்காக மெஷினில் தைக்கிறேன், வேறென்ன ஆகும்? மெஷினாகவே இருக்கட்டும். அம்மாவுக்கு வந்த சரவாங்கி, அந்த முடக்குவாதம் மட்டும் வேண்டாம், ஆண்டவரே. அம்மாவின் விரல்கள் கோணிப்போய்விட்டன, சோறுகூட நான்தான் ஊட்டுகிறேன்.

ஜூன் 15, சனி
காஞ்சிபுரத்தில் டாக்டரம்மாவைப் பார்த்தேன். மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதாம். ஓயாத கைவேலையாலும் வருமாம், சரவாங்கியாலும் வருமாம். ரத்தம் பார்த்துவிட்டுத்தான் ஆபரேஷன். அம்மாவைப் பற்றிச் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

ஜூன் 17, திங்கள்
ரத்தம் கொடுத்தேன்.

ஜூன் 19, புதன்
எல்லாம் நார்மல்! மெஷின்தான்! கம்பெனி பஸ்ஸில், கூடத் தைக்கும் தேவயானிக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 22, சனி
டாக்டரம்மா ரிப்போர்ட்டை நம்பவில்லை. விரல் முட்டிகளை அழுத்திப் பார்த்தார்.
"வலிக்கு என்னம்மா சாப்பிடுறீங்க?"
செட் மாத்திரை என்றேன். மெடிக்கலில் நாலைந்து மாத்திரையைச் சேர்த்துப் பேப்பரில் மடித்துத் தருவார்கள். "இத போட்டுக்கினு தச்சா நோவே தெரியாதுக்கா" என்று தேவயானிதான் பழக்கினாள். எங்கள் லைனில் எல்லோரும் போடுகிறோம். ரத்தம் கொடுத்த அன்றும் போட்டுக்கொண்டுதான் போனேன். அதில் ஸ்டீராய்டு இருக்குமாம், ரத்தத்தில் வீக்கம் தெரியாமல் அமுக்கிவிடுமாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார். பிறகு மறுபடி ரத்தம். இந்தத் தடவை சிசிபி என்று ஒன்றும் உண்டு. உடம்பு தன்னையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறதா என்று அதில் தெரியுமாம். என் உடம்புக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்?

ஜூலை 7, ஞாயிறு
மாத்திரையை விட்டாயிற்று. விடிந்தால் விரல் மடங்கவில்லை — சர்ச்சில் பைபிளைப் புரட்டக்கூட முடியவில்லை. அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதா? கேக்க பயமா கீது.

ஜூலை 13, சனி
சிசிபி பாசிடிவ். ரொம்ப அதிகம். சரவாங்கிதான். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாமாம்.
"அம்மாவுக்கு அப்போ யாரும் பாக்கல. உங்களுக்குச் சீக்கிரமே பாத்துட்டோம். ஒழுங்கா மருந்து சாப்பிட்டா விரல் கோணாம பாத்துக்கலாம்."
பஸ்ஸில் உத்திரமேரூர் வரும்வரை அழுதேன்.
அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "இன்னாடி சொன்னாங்க? மெஷினா? என்னுதா?"
அவளும் இதே பயத்தில்தான் இருந்திருக்கிறாள்.
"மெஷின்தாம்மா."
"பாழாப்போன மெஷினு! எம்பொண்ணு கைய தின்னுட்டுதே!"
சோறு ஊட்டும்போதும் கம்பெனியைத் திட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.