கிளி ஏந்திய பெண்ணும் உங்கள் புகைப்படமும்

அத்தை,

உங்கள் புகைப்படச் சட்டத்தின் வார்னிஷ் வாசனை இன்னும் கூடத்தை விட்டுப் போகவில்லை. நேற்று உங்கள் முதல் வருஷத் திதி.

நான் கிணத்துக்கடவிலிருந்து மருமகளாக வந்தபோது அந்தத் தஞ்சாவூர்ப் படம் பூஜையறையில் இருந்தது. கூடத்துக்கு வெள்ளையடித்தபோது கழற்றிப் பூஜையறையில் மாட்டி, அப்படியே விட்டுவிட்டார்களாம். எனக்கு அது தெரியாது. தங்கரேக்கையும் கையிலிருந்த கிளியையும் பார்த்து மீனாட்சி என்றே நினைத்தேன். வெள்ளிதோறும் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினேன். நீங்கள் நிலைப்படியில் நின்று பார்ப்பீர்கள். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மூன்று வருடம் கழித்து, பொள்ளாச்சி உறவுக்காரர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தபோதுதான் சொன்னீர்கள்.

“இந்தப் புள்ளையப் பாருங்க, எந்த ராசா ஊட்டுப் பொம்பளைக்கோ மூணு வருசமா கற்பூரம் காட்டுதுங்க! எத்தன நாளைக்குன்னு நானும் பாத்துட்டே இருந்தேன்.”

“ஏன் அம்மணி, கிளிக்கும் பிரசாதம் வெச்சியா?” என்றார் உங்கள் தங்கை. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் அழவில்லை. கணக்குப் போட்டேன். நூற்றைம்பது வெள்ளிக்கிழமைக்கு மேல். அத்தனையிலும் நீங்கள் நின்று பார்த்திருக்கிறீர்கள்.

மறுநாள் படம் கூடத்துக்கு வந்தது. “தொடைக்கறதோட நிறுத்திக்க. படத்தப் பத்தி உனக்கென்ன தெரியும்?” என்றீர்கள்.

தெரிந்துகொண்டேன் அத்தை. நூலகத்துப் புத்தகங்களைப் படித்தேன். துடைக்கும் சாக்கில் தினமும் அவளைப் பார்த்தேன். நகையெல்லாம் சுண்ணக் குழம்பில் புடைத்து, ரேக்கு ஒட்டிக் கல் பதித்தது. முகத்தில் மட்டும் ஒரு மினுக்கும் இல்லை. அத்தனை ஜொலிப்புக்கு நடுவே அந்த வெறும் கன்னம்தான் கண்ணை இழுக்கிறது. கிளி உட்கார்ந்த விரல், அதன் கனத்துக்கு ஓர் இம்மி வளைந்திருக்கிறது. வரைந்தவன் எவனோ, கிளியைக் கையில் வைத்துப் பார்த்தவன்.

போன வாரம் உங்கள் மகன், “அம்மா படத்த அந்த ஆணியிலயே மாட்டிரலாம் புள்ள. அந்தப் பழசு உள்ள இருக்கட்டும்” என்றார்.

“அவ அங்கயே இருக்கட்டுங்க. எதிர்ச் சுவத்துல அத்தை படத்துக்கு ஆணி அடிங்க.”

என் முகத்தைப் பார்த்தார். சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

ஆக, அவளைப் பார்க்க வேண்டுமானால் உங்களுக்கு முதுகு காட்ட வேண்டும். நேற்று வந்தவர்கள் எல்லோரும் காட்டினார்கள். நான் அந்த விரலைக் காட்டியதும் உங்கள் தங்கை கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார். “அட சாமி! இத்தன வருசமா இதப் பாக்கவே இல்லையே. இன்னும் சொல்லு கண்ணு” என்றார். சொன்னேன். இலை போடுவதற்கே நேரமாகிவிட்டது. உங்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

படையலில் குறை வைக்கவில்லை. உங்களுக்குப் பிடித்த கச்சாயமும் சுட்டேன். ஆனால் மன்னிக்கவில்லை. இன்று காலை மருதமலையானிடமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் விளக்கேற்றினேன்.