வாசல்வரை வந்த போன்

புக்கிட் காத்தில், மலாக்கா
மார்கழிக் கடைசி

அன்பு மகள் தேவிஸ்ரீக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் தம்பி தனேஷும் சுகமாக இருக்கிறோம். பெர்த்தில் நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் "நல்லா இருக்கேன்மா" என்பாய், அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. போன் இருக்கும்போது அம்மா எதற்குத் தாளும் பேனாவும் எடுத்தாள் என்று யோசிப்பாய். பேசினால் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், மெசேஜ் போட்டால் ஒரு இதயப் படத்தை அனுப்பிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறாய். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. உட்கார்ந்து முழுசாகப் படி. இங்கே மழை விட்டபாடில்லை, துணி காய மாட்டேன் என்கிறது, அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, தைலம் தேய்க்க மட்டும் என்னைத்தான் கூப்பிடுகிறார். தனேஷுக்கு வேலையில் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், பகலெல்லாம் தூங்கி வழிகிறான். ஊர்க்கதை போதும். தீபாவளி அன்று நீ நம் வீட்டு கேட் வரைக்கும் வந்தாய், உள்ளே வராமல் திரும்பிப் போனாய். அது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

யார் சொன்னது என்று கேட்பாய், யாரும் சொல்லவில்லை, உன் போன்தான் சொன்னது. நம் வீட்டு வைஃபை மெதுவாக இருக்கிறது, யாரோ திருடுகிறார்கள் என்று நான் தனேஷை நச்சரித்துக்கொண்டிருந்தேனே, அப்போதே அவன் என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்துவிட்டான். யார் போன் வீட்டு லைனில் சேர்ந்தாலும் அது டிங் என்று சொல்லும். போன தடவை நீயும் மாப்பிள்ளையும் வந்திருந்தபோது உன் போனுக்கு "அக்கா" என்று அவன் பேர் போட்டு வைத்தான். தீபாவளி அன்று மத்தியானம் வீடு எப்படி இருந்திருக்கும் என்று உனக்கே தெரியும். உன் ராமாத்தாள் அத்தை காலையிலேயே குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டார், அப்பாவோடு லோரி ஓட்டியவர்கள், என்னோடு பேக்டரியில் லைனில் உட்கார்ந்தவர்கள், தனேஷின் சீனக் கூட்டாளிகள், மலாய்க் கூட்டாளிகள் என்று போர்ச் முழுக்க நாற்காலி, கேட்டுக்கு வெளியே வரைக்கும் செருப்பு. நான் மட்டன் பிரட்டலைக் கிளறுவேனா, போனைப் பார்ப்பேனா. எல்லாரும் போன பிறகு சட்டி பானையைக் கழுவி வைத்துவிட்டு, ஐஸ்பெட்டி மேல் கிடந்த போனை எடுத்துப் பார்க்கிறேன், அக்கா சேர்ந்தார் என்று ஒரு வரி, அக்கா விலகினார் என்று இன்னொரு வரி. நடுவில் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் இருக்கும். அன்று சாயங்காலம் நான் உன்னைக் கூப்பிட்டபோது, "லைன் சரியில்லம்மா, முகம் தெரியாது" என்று சொன்னாய் அல்லவா, அந்த லைன் எந்த ஊர் லைன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தனேஷிடம் காட்டினேன். ஆப் சில நேரம் சும்மா எதையாவது காட்டும் லா, அக்கா பெர்த்தில் இருக்கிறார், எப்படி வருவார் என்று சிரித்தான். நான் விடவில்லை. இத்தனை வருஷம் பேக்டரியில் சர்க்கிட் போர்டு பார்த்தவள் நான், மெஷின் சும்மா எதையும் காட்டாது, காட்டினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அக்கா போனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை என்று வைத்துக்கொள், அப்போதும் அது தானாகச் சேருமா என்று கேட்டேன். சேரும் என்றான். திரை அணைந்து கிடந்தாலும் போன் முழுசாகத் தூங்குவதில்லையாம், கொஞ்சம் தூங்கும், கொஞ்சம் விழித்துச் சுற்றி எந்தெந்த வைஃபை பேர் கேட்கிறது என்று பார்க்கும், தெரியாத பேராக இருந்தால் மறுபடியும் படுத்துக்கொள்ளும், தனக்குத் தெரிந்த பேர் கேட்டுவிட்டால் யாரையும் கேட்காமல் பாஸ்வேர்டைத் தானே கொடுத்து உள்ளே வந்துவிடும், வைத்திருப்பவருக்கே தெரியாதாம். சேர்ந்த பிறகும் அப்படித்தானாம், கண்ணை மூடிக் கிடக்கும், அவ்வப்போது எழுந்து தனக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று மோடத்திடம் கேட்கும், அதுவரை மோடம் எடுத்துப் பத்திரமாக வைத்திருக்குமாம். பிள்ளை பெற்றவள் தூங்குகிற தூக்கம்தான் அது, எனக்கு உடனே புரிந்துவிட்டது.

அப்படியும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. மறுவாரம் அப்பாவைப் பிடித்தேன். லைன் எதுவரை எட்டுகிறது என்று பார்க்கவேண்டும், போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விளையாட்டு மைதானம்வரை போய்த் திரும்பி வாருங்கள், வெளியே எடுக்கக்கூடாது என்று சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. கைலியோடு மனுஷன் தாமான் குடியிருப்பு ரோட்டில் போவதும் வருவதுமாக இருக்க, எதிர்வீட்டு மலாய்க்காரம்மா மக்சிக் எதையாவது தொலைத்துவிட்டாயா என்று கேட்டிருக்கிறார், "பினி சூரோ" என்றாராம் அப்பா, பெண்டாட்டி சொல்லிவிட்டாள், நடக்கிறேன் என்று. நான் உள்ளே ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்றேன். முச்சந்தியில் வரும்போது சத்தம் இல்லை. பக்கத்துச் சீனர் வீட்டு மாமரத்தடியில் சத்தம் இல்லை. நம் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றதும் டிங் என்றது. திரும்பத் திரும்ப நடக்கவிட்டேன், ஒவ்வொரு தடவையும் அதே இடம்தான். ஆக, நீ காரிலிருந்தபடி முச்சந்தியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகவில்லை கண்ணு. என் தபால் பெட்டிமேல் கை வைக்கிற தூரத்தில் நின்றிருக்கிறாய்.

அடுத்த நாளே மாப்பிள்ளை தர்மேந்திரனைக் கூப்பிட்டேன். நான் கூப்பிடும்போதெல்லாம் மாப்பிள்ளை குளிக்கிறார், மாப்பிள்ளை கடைக்குப் போயிருக்கிறார் என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய், அந்த மனுஷன் அத்தனை தடவையா குளிப்பார் என்று எனக்கு முன்பே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பாவம், அவர் மறைக்கவில்லை. "அத்தை, நாங்க பிரிஞ்சிட்டோம். தேவி உங்ககிட்ட சொல்லியிருக்கும்னு நெனச்சேன்" என்றார். யார் தப்பு என்று நான் அவரிடமும் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கப் போவதில்லை. நீயாகச் சொல்ல நினைத்தால் கேட்பேன், சொல்லாவிட்டாலும் சோறு போடுவேன்.

நீ ஏன் திரும்பிப் போனாய் என்று எனக்கு விளங்குகிறது. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் ராமாத்தாள் அத்தை, அவர் குரல் போர்ச்சிலிருந்து முச்சந்திவரைக்கும் கேட்கும், அதற்கு எந்த மோடமும் வேண்டாம். மாப்பிள்ளை எங்கே என்று முதல் வார்த்தையே அதுவாகத்தான் இருந்திருக்கும், தீபாவளி அன்று அத்தனை பேர் நடுவில் நீ என்ன பதில் சொல்வாய். கோலாலம்பூருக்கு வேலையாக வந்தாயோ, எங்களைப் பார்ப்பதற்கென்றே டிக்கெட் எடுத்தாயோ, அதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று மட்டும் என்னைத் தின்கிறது தேவி. அன்று நீ எங்கே சாப்பிட்டாய்? நான் ஊருக்கெல்லாம் இலை போட்டுக்கொண்டிருந்தேன், என் பிள்ளை கிளேபாங் கடற்கரையில் ஏதோ ஒரு கடையில் தனியாக உட்கார்ந்து தேங்காய்த் தண்ணி குடித்துக்கொண்டிருந்தாளா? இன்றைக்கும் மட்டனை நான் கையால் தொடுவதில்லை.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அவர் கோபம் உனக்குத் தெரியும், கோபத்தைவிட அவர் வாயை மூடிக்கொண்டு இருப்பது இன்னும் மோசம். அதற்குள் போன மாதம் இடி விழுந்து மோடம் கருகிப்போனது. இன்டர்நெட் ஆபீஸிலிருந்து ஒரு மலாய்ப் பையன் புதுசு கொண்டுவந்தான், நல்ல பிள்ளை, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். புதுப் பெட்டிக்கு அதிலேயே ஒரு பேரும் பாஸ்வேர்டும் அச்சடித்து ஒட்டியிருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளுங்கள் மக்சிக், பழையது வேண்டாம் என்றான். நான் முடியவே முடியாது என்றுவிட்டேன். நீ படிக்கிற காலத்தில், அக்கம்பக்கத்தார் யாரும் நம் லைனைக் கேட்டு வரக்கூடாது என்று "கருவாட்டுக்குழம்பு" என்று பேர் வைத்தாயே, அந்தப் பேர்தான் வேண்டும், அந்தப் பாஸ்வேர்டுதான் வேண்டும், ஒரு எழுத்து மாறக்கூடாது என்று நின்றேன். பாவம் அந்தப் பையன், நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்லத் தட்டினான், முடிந்தபாடில்லை, இது என்ன மக்சிக் இவ்வளவு நீளம் என்று வியர்த்துவிட்டான். பார்த்துக்கொண்டிருந்த அப்பா, பேரில் என்ன இருக்கிறது, அவன் சொல்வதை வைத்துவிட்டுப் போயேன் என்று சலித்துக்கொண்டார். எனக்கு அடக்க முடியவில்லை. பேரை மாற்றினால் தேவியின் போனுக்கு இது அவள் வீடு என்று தெரியாது, வந்து நின்றாலும் நமக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எதை மறைப்பது. தீபாவளி, தபால் பெட்டி, தர்மேந்திரன் எல்லாவற்றையும் அந்தப் பையனை வைத்துக்கொண்டே தமிழில் கொட்டிவிட்டேன்.

அப்பா என்ன சொல்வாரோ என்று நான் பயந்துகொண்டே நின்றேன். பையன் பழைய இடத்திலேயே, டிவிக்குப் பின்னால், பெட்டியை மாட்டப் போனான். அப்பா எழுந்து போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "இங்க வேணாம். முன்னுக்கு வைக்கச் சொல்லு, ரோட்டுக்கு எட்டணும்" என்றார் என்னிடம். பிறகு அவரே ஸ்டூலைப் போட்டு ஏறி, முன் ஜன்னலுக்கு மேலே சுவரில் ஓட்டை போட்டார், முட்டிவலிக்காரர். இறங்கி வந்து, "நம்ம பிள்ளை வாசல்ல நின்னுட்டுத் திரும்பிப் போற வீடா இது இனி இருக்கக்கூடாது" என்றார். கண் கலங்கியதை மறைக்க ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டார். பையன் கிளம்பியதும், இந்தத் தடவை நான் சொல்லாமலேயே போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்கப் போனார். இப்போது சீனர் வீட்டு மாமரம்வரை எட்டுகிறது. முச்சந்திக்கு எட்டவில்லை என்று அவருக்குக் குறை, இன்னொரு பெட்டி வாங்கி கேட் தூணில் மாட்டலாமா என்று தனேஷைக் குடைந்துகொண்டிருக்கிறார்.

ராமாத்தாள் அத்தையிடமும் நானே போய்ச் சொல்லிவிட்டேன், வேறு யாராவது போய்ச் சொல்வதற்கு முன்னால். என் பிள்ளை தனியாகத்தான் வரும், ஏன் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு என் வீட்டில் பச்சைத் தண்ணி கிடையாது என்றேன். அவருக்குச் சுருக்கென்றுதான் இருந்திருக்கும், கொஞ்ச நாள் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போகட்டும், எனக்கு இனி யார் முகத்துக்கும் பயமில்லை.

புதுப் பெட்டிக்கு இன்னும் யார் யார் என்று அடையாளம் தெரியாது. எந்தப் போன் வந்தாலும் புதிய போன் சேர்ந்தது என்று மட்டும்தான் சொல்கிறது. நம் வீட்டுப் பாஸ்வேர்டு நமக்கும் அத்தை வீட்டாருக்கும் தவிர யாருக்கும் தெரியாது, அதனால் டிங் என்றால் நீயாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றிவிடுகிறது. நேற்று முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், டிங் என்றது. கை கழுவவில்லை, செருப்புப் போடவில்லை, வெளியே ஓடினேன், அப்பா எனக்கு முன்னால் கேட்டைத் திறந்துவிட்டார். பார்த்தால் அத்தை மகன் விமலன், மோட்டாரை விட்டு இறங்குகிறான், கையில் ஒரு டின். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்து மிரண்டு போனான். "அம்மா நெய்யுருண்டை குடுத்தாங்க. தேவி வந்தா குடுக்கணுமாம்" என்றான். டின்னை நான் திறக்கவில்லை, உன் ரூமில் வைத்திருக்கிறேன்.

நீ வா. லீவு போட்டு வந்தாலும் சரி, வேலையை விட்டுவிட்டு வந்தாலும் சரி, பெரிய நாளாகப் பார்த்து வரவேண்டாம், சும்மா ஒரு நாள் வா. வந்து எங்களைக் கூப்பிட வேண்டாம், என்ன சொல்வது என்று விமானத்தில் உட்கார்ந்து மனப்பாடம் பண்ண வேண்டாம், போனைப் பையிலிருந்து எடுக்கவும் வேண்டாம், உள்ளேயே கிடக்கட்டும், அது சொல்லிவிடும். நாங்கள் கேட்டைத் திறக்கிறவரை நீ அங்கேயே நிற்கவேண்டும், அது ஒன்றுதான் நான் உன்னிடம் கேட்பது.

காளியம்மா உனக்குத் துணையிருக்கட்டும். நேரத்துக்குப் பசியாறு, தலைக்கு எண்ணெய் வை, நல்ல தூக்கம் தூங்கு. புதுப் போன் வாங்கினால் பழையதில் இருப்பதை எல்லாம் அப்படியே மாற்றிக்கொள், நம் வீட்டுப் பேரை மட்டும் அழித்துவிடாதே. அப்பா பக்கத்தில் நின்று, நானும் ஒரு வரி சொன்னேன் என்று எழுது என்கிறார்: வரும்போது போனில் சார்ஜ் இருக்கட்டுமாம்.

என்றும் உன் அம்மா,
மலர்க்கொடி கந்தசாமி