ஐ-செவனும் மூன்று மாத நெல்லும்

ஆகஸ்ட் 4, திங்கள்

மகளைக் கொழும்புக்கு வேலைக்கு விட மாட்டேன் என்று பரீனா அழுது முடித்தாள். நான் தாய்க்கும் தலையாட்டி, மகளுக்கும் தலையாட்டி முடித்தேன். றிபா அழவில்லை. வேலை தரும் கொழும்புக் கந்தோருக்கே கதைத்து, இங்கே சாய்ந்தமருதில் வீட்டிலிருந்தே, கட்டப்போகும் வீடுகளுக்குப் படம் கீறி அனுப்புகிறேன் என்று சம்மதம் வாங்கிவிட்டாள். முதல் ஒரு மாதம் பார்ப்பார்களாம். ஒரு நிபந்தனை — பதினெட்டாம் திகதிக்குள் சொந்தக் கம்பியூட்டர் வேண்டும், அதில் புது விண்டோஸ் ஓட வேண்டும். இல்லாவிட்டால் வேலை அடுத்த பிள்ளைக்கு.

புதிது வாங்க வசதியில்லை. பாவித்ததைத் திருத்தி விற்கிறார்களே, அதுதான் சரி. "மெசின நான் பாக்கன், நீ யோசிக்காத மகள்" என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

ஆகஸ்ட் 5

கல்முனை பஸாரில் சப்ரியின் கம்பியூட்டர்க் கடை. என்னைக் காக்கா என்று சொந்த அண்ணனைப் போல்தான் கூப்பிடுவான். இரண்டு கறுப்புப் பெட்டிகளைக் காட்டினான். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

"இது ஐ-செவன், காக்கா. பெரிய தரம், ஆனா பழசு. அது ஐ-பைவ். தரம் சின்னன், ஆனா புதிசு."

"எது நல்லம்?"

"வேலையப் பொறுத்திரிக்கி."

"வீட்டுப் படம் கீற."

"ரெண்டும் கீறும்."

கேட்காமலே வந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 6

ஐ-செவனும் ஐ-பைவும் ப்ரொசெசரின் பெயராம், அதுதான் பெட்டியின் மூளை என்று றிபா விளக்கினாள். பெட்டிக்காவது ஒன்று இருக்கிறதே!

"நானும் கடைக்கு வாறனே வாப்பா."

"பஸாரில ஒரே ஆம்பளக் கூட்டம். நீ இரி."

ஆகஸ்ட் 7

நான் வேலை செய்யும் சம்மாந்துறை நெல் ஆலைக்கு என் மச்சான் ஜவாத் உழவு மெசினில் நெல் கொண்டுவந்தான். அவனிடமும் கேட்டேன்.

"ஏழு கையில கெடைக்கக்குள்ள அஞ்ச வாங்குறவன் ஆருடா?" என்றான்.

நியாயம்தான். ஆனால் பழசாமே. பழசென்றால் கெட்டதா? நானும் பழசுதானே. இந்தக் கேள்வியைப் பரீனாவிடம் கேட்கக் கூடாது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்து பார்த்தால், சப்ரி இரண்டு பெட்டியினதும் ப்ரொசெசர் நம்பரை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். ஐ-செவன் 3770. ஐ-பைவ் 8500.

அல்ஹம்துலில்லாஹ், விளங்கிவிட்டது! ஆலையில் இத்தனை வருஷம் நின்றது வீண் போகவில்லை. நெல்லுக்கும் நம்பர்தானே பெயர். இருநூற்றைம்பது விளைய இரண்டரை மாதம். முந்நூற்று ஐம்பத்தெட்டு மூன்றரை. நானூற்று மூன்று நாலு மாதம். முதல் இலக்கம் சின்னதென்றால் கெதியாக அறுக்கலாம். அப்படியானால் 3770 கெதி. 8500-ஐ வாங்கிவிட்டு எட்டு மாதம் யார் காத்திருப்பது?

ஆகஸ்ட் 9

வாங்கிவிட்டேன். ஐ-செவன். ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். றிபா நம்பரைப் பார்த்தாள். "நல்லம் வாப்பா" என்றாள், கொஞ்சம் பிந்தி.

ஆகஸ்ட் 10

புது விண்டோஸ் ஏறாதாம். பெட்டி பழசாம். றிபா திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். பரீனா என்னைப் பார்க்கிறாள்.

"முதல் இலக்கம் எத்தினையாவது ஜெனரேஷன் எண்டு காட்டுறது வாப்பா. மூணு பழைய காலம். எட்டிலிருந்துதான் இந்த விண்டோஸ் ஏறும்."

நெல்லுக் கணக்கைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழும்பி அறைக்குள் போய்விட்டாள். ஒரு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஆம்பளக் கூட்டமாம். அந்தக் கூட்டத்தில் நானும்தானே ஒருத்தன், எனக்கு என்ன தெரிந்தது?

ஆகஸ்ட் 11

சப்ரி போனை எடுக்கவில்லை. நாலு தரம் அடித்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 12

றிபாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன்.

"நீங்க விண்டோஸக் கேக்கல்லியே காக்கா" என்றான் சப்ரி. உண்மைதான், கேட்கவில்லை. மாற்றித் தருகிறேன் என்றான். அந்த 8500 பெட்டி நல்லவேளை விற்றுப்போகவில்லை.

றிபா கேள்வி கேட்கிறாள், அவன் என்னைப் பார்த்துப் பதில் சொல்கிறான். மெமரி எவ்வளவு என்று அவள் கேட்டால், "எட்டு, காக்கா" என்கிறான். எனக்கெதற்கு? மெதுவாக வெளியே போய் நின்றேன். அதற்குப் பிறகுதான் அவளோடு கதைத்தான். பெட்டியைத் திறக்கச் சொல்லி, உள்ளே பார்த்து, ஓட்டிக் காட்டச் சொல்லி, அதன் பிறகே "எடுப்பம் வாப்பா" என்றாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

புது விண்டோஸ் ஓடுகிறது. கந்தோரும் ஓம், வேலையைத் தொடங்கு என்றது.

ஆகஸ்ட் 27

முதல் படம் சிவப்புக் கோடுகளோடு திரும்பி வந்தது. வேலை போய்விட்டதா என்று அறை வாசலில் நின்று கேட்டேன். "இது திருத்துறதுக்குத்தான், போய் ஒங்கட வேலையப் பாருங்க" என்று துரத்திவிட்டாள்.

செப்டெம்பர் 24, புதன்

கந்தோர் பார்க்கிறேன் என்ற மாதம் போய்விட்டது, றிபாவின் வேலை போகவில்லை. ஜவாத் தன் மகனுக்குக் கம்பியூட்டர் வாங்க வேண்டுமென்று விசாரிக்க வந்தான். நேரே றிபாவின் அறைப் பக்கம் நடந்தான். மறித்தேன்.

"அவ வேலையில இரிக்கா. அஸர் தொழுகைக்குப் பொறகு வா."

"ஊட்டிலதானே இரிக்கா மச்சான்?"

"ஓம், ஊட்டிலதான். வேலையில."

விளங்காமல் வாசல் கதிரையில் உட்கார்ந்தான். பரீனா அவனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து, சத்தமில்லாமல் குடிக்கச் சொன்னாள்.